பீரோவில் இருந்த எட்டாம் நம்பர் ஷூ

கலைப்பிரியா காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள் என்ற சேதி பரவிய அன்று, ஊரில் ஒருவர்கூட எத்தனை மதிப்பெண் என்று கேட்கவில்லை. மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு, அவளுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லித்தருவதுபோல, "ஓடச் சொல்லுவாங்களே!" என்றார்கள்.

ஓமந்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர் அது. அப்பா தேவநாதனுக்கு ஏரித் தண்ணீர் பாயும் கழனி கொஞ்சம், கடலை போடும் மேட்டுநிலம் கொஞ்சம். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் கலைப்பிரியாதான். திண்டிவனத்துக்குப் பேருந்தில் போய்வந்து வேதியியல் படித்தாள். படித்து முடித்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை, அவளுக்கும் தெரியவில்லை. வங்கித் தேர்வு எழுதினாள், கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதினாள், ரயில்வேக்கும் எழுதினாள். எல்லாவற்றிலும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். போலீஸ் வேலையில் ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் திறந்த கதவு அது ஒன்றுதான். வயது வரம்புக் கணக்கில் அவளுக்கு அதுவே கடைசி முறையும்கூட. மிச்சம் இருந்தது உடற்தகுதித் தேர்வு. அதில் முதல் படி, விழுப்புரத்தில் மைதானத்தை ஒரே ஒரு சுற்று, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிப்பது.

அவளுக்கு உடம்பு கனம். பிறக்கும்போதே கனம் என்று அம்மா அஞ்சம்மாள் சொல்வாள், பெருமையாகத்தான் சொல்வாள். பள்ளிக்கூடப் படங்களில் எல்லாம் கலைப்பிரியா கடைசி வரிசையில், பையன்களுக்குப் பக்கத்தில் நிற்பாள். துணிக்கடைக்குப் போனால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைப்பெண் மேல்தட்டை அண்ணாந்து பார்ப்பாள். அதனால் துணி விஷயத்தில் தேர்ந்தெடுக்கிற பழக்கமே அவளுக்கு வராமல் போயிற்று. பிடித்ததை எடுத்ததில்லை. நுழைந்ததை எடுத்தாள்.

ஐப்பசியில் பயிற்சியைத் தொடங்கினாள். கூட ஓடியவள் பக்கத்துத் தெரு அஸ்வினி. கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள், முருங்கைக்காய் மாதிரி இருப்பாள், அடுத்த முறை தேர்வு எழுதுவதற்கு இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று வந்தாள். ஏரிக்கரையில் ஓடலாம் என்றால் ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள், மறுபக்கம் சொம்போடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பள்ளிக்கூட மைதானம் மழையில் குட்டையாக நின்றது. கடைசியில் தார்ச்சாலைதான் வாய்த்தது.

காலில், கல்லூரியில் நாட்டு நலப்பணி முகாமுக்காக வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அடிப்பாகம் தேய்ந்து அப்பளமாகிவிட்டது. உடம்பில் பழைய சுடிதார் மேல்சட்டையும் லெக்கின்சும். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உள்பாடி. ஒன்று மட்டும் போட்டால் ஓடும்போது மார்பு குலுங்கி வலித்தது, சாலையில் போகிறவர்களின் கண்ணும் அங்கேயே நின்றது. இரண்டு போட்டதும் குலுக்கம் நின்றது; மூச்சும் கூடவே நின்றது.

முதல் வாரத்திலேயே டீக்கடைச் சக்கரபாணி ஆரம்பித்துவிட்டார்.

"கலை, காண்ட்ராக்டரு உன்னத் தேடிக்கினு இருக்கான்மா. ரோலரு ரிப்பேராம். நீ நாலு தபா போய்ட்டு வந்தின்னா ரோடு இறுகிடும்னு சொல்றான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அஸ்வினி ஓட்டத்தை நிறுத்தாமலே கத்தினாள்: "மொதல்ல உங்க டீயக் கொஞ்சம் கனமாப் போடுங்க மாமா. ஏரித் தண்ணியே தேவல!"

கலைப்பிரியாவும் சிரித்தாள். கூடச் சிரித்துவிட்டால் அடுத்த பேச்சு வராது என்பது அவள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்த உபாயம்.

சிரிக்க முடியாத இடம் வேறு. லெக்கின்சின் உள்தையல் தொடையில் உரசி உரசித் தோல் வழன்றுவிட்டது. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் உயிர் போயிற்று.

"இன்னாடி சத்தம்?" என்று ஒருநாள் வெளியிலிருந்து அஞ்சம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி சூடு."

அன்று தண்ணீர் காய வைத்திருக்கவே இல்லை. மறுநாள் குளியலறை மாடத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருந்தது.

பகலில் கைபேசியில் தேடினாள். அவளைப் போலவே கனமான வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஓடிக்கொண்டே பேசும் காணொளிகள் கிடைத்தன. ஆங்கிலம் வேகமாக ஓடியது; நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கனமான உடம்பு ஒவ்வொரு அடியிலும் காலில் இறக்குகிற பாரம் அதிகம், அதனால் ஷூவின் அடி பஞ்சுபோல அமுங்கிவிடக் கூடாது, முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட வேண்டும். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கியதைப் பல நாள் போட்டு ஓடிக் காலுக்குப் பழக்க வேண்டும். பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு உலராது. உடம்போடு ஒட்டும், தொடையில் தையல் இல்லாத துணி வேண்டும். கடைசியாக அந்தப் பெண் ஒன்று சொன்னாள். குறையப்போகிற உடம்புக்குத் துணி வாங்காதே, இன்று இருக்கிற உடம்புக்கு வாங்கு. மற்றதை எல்லாம் திரும்ப ஓட்டிக் கேட்ட கலைப்பிரியா, அதை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் தம்பி வல்லரசுவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனாள். வல்லரசு டிப்ளமோ படிப்பவன். ஷூவைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவன் எண்ணம். கடைத்தெருவில் வெளிச்சமாக இருந்த கடை ஒன்றுக்குள் நுழைந்தார்கள்.

"ரன்னிங் ஷூ வேணும்" என்றாள்.

விற்பனையாள் வல்லரசுவின் காலைப் பார்த்தான். "எட்டா, ஒம்போதா தம்பி?"

"எனக்கில்லண்ணா. அக்காவுக்கு."

அவன் பார்வை மெதுவாக நகர்ந்து வந்தது. "வாக்கிங்கா மேடம்? டாக்டர் சொன்னாரா?"

"ஓடறதுக்கு."

"ஓ." ரோஸ் நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். பாதம் நுழைந்தது, சுண்டுவிரல் பக்கம் பிதுங்கி நின்றது. "போடப் போட லூஸாயிடும் மேடம்."

"இதுக்கு மேல சைஸ் இல்லிங்களா?"

"லேடீஸ்ல இதான் பெருசு. ஜென்ட்ஸ்ல காட்டட்டுமா? யாரு பாக்கப் போறாங்க?"

வல்லரசு வாசல் பக்கம் போய்க் கைபேசியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான். கலைப்பிரியாவுக்கும் கூடவே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அன்று அவளுக்குள் பிடிவாதம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. ஆண்களுக்கான ஷூவில் எட்டாம் நம்பர், அகலமானது வேண்டும் என்றாள். அவன் கொண்டுவந்த முதல் ஜோடியின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பன் ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. வேண்டாம் என்றாள். இரண்டாவதில் குதிகால் கழன்று கழன்று வந்தது. வேண்டாம் என்றாள். மூன்றாவது கறுப்பு, ஓரத்தில் பச்சைக் கோடு. எழுந்து நின்றாள். விரல்கள் விரிந்து படுத்தன. முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருந்தது. கண்ணாடிவரை நடந்தாள், திரும்பி நடந்தாள்.

"கொஞ்சம் ஓடிப் பாக்கலாங்களா?"

"இங்க எங்க மேடம் ஓடுவீங்க? ரேக்கு சாஞ்சிடும்" என்று அவன் சிரித்தான். அவள் கூடச் சிரிக்கவில்லை. கல்லாவிலிருந்து வாசல்வரை, மூன்று நான்கு எட்டு, ஓடிப் பார்த்தாள். ரேக் சாயவில்லை. வேறொரு அம்மாளும் அவருடைய மருமகளும் செருப்பை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். "இதக் குடுங்க" என்றாள்.

தன் வாழ்க்கையில் முதன்முதலாக, தன் உடம்புக்குச் சரியானதை, தானே பார்த்து வாங்கியிருந்தாள். அந்தத் தைரியம் துணிக்கடைவரை நீடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே உள்பாடிப் பிரிவில் ஓடும்போது போடுவது வேண்டும் என்று கேட்டாள். கடைப்பெண் மேலே கீழே தேடிவிட்டு, "உங்க சைஸ்ல அது வராதுக்கா. இதையே டைட்டாப் போட்டுக்கோங்க" என்றாள். அதைக் கேட்டதும் பிடிவாதம் வடிந்துவிட்டது. டிராக் பேண்ட், டிசர்ட் அடுக்கியிருந்த இடத்தில் ஓர் இளைஞன் நின்று "சைஸ் சொல்லுங்கக்கா" என்றபோது, மூன்று எக்ஸ் போட்ட அளவு நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் இருவர் நின்றார்கள்.

"எல்" என்றாள்.

வெளியே வந்ததும் வல்லரசு கேட்டான்: "யக்கா, எல்லுன்னா அது எனக்கே புடிக்குமே?"

"தேர்வுக்குள்ள கொறஞ்சிடுவேன்டா. அப்பக் கரெக்டா இருக்கும்."

"கொறையலன்னா?"

"சும்மா வாடா. பஸ்சு போய்டும், ஜல்தி."

வீட்டில் அஞ்சம்மாள் ஷூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆம்பளது மாதிரி இருக்குதே" என்றாள். "உனுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று உடனே சேர்த்துக்கொண்டாள். பிறகு மஞ்சளைக் குழைத்து, குதிகாலின் உள்பக்கத்தில் வெளியே தெரியாதபடி ஒரு பொட்டு வைத்தாள். டிசர்ட்டின் ஓரத்தில் ஒன்று, டிராக் பேண்டின் ஓரத்தில் ஒன்று. எல்லாவற்றையும் பெட்டியோடு பீரோவில் வைத்தாள்.

அந்த வீட்டில் புதுசு என்றால் அப்படித்தான். தீபாவளிக்கு எடுத்த துணி பொங்கலுக்குக் காத்திருக்கும். பொங்கலுக்கு எடுத்தது யாராவது ஒருவருடைய கல்யாணத்துக்குக் காத்திருக்கும். தேவநாதனுக்கு மாமனார் வீட்டில் போட்ட கைக்கடிகாரம் நல்லது கெட்டதுக்கு மட்டும் வெளியே வந்து, கடைசியில் பெட்டியிலேயே நின்றுபோனது. புதுசை வெறும் நாளில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குவதை அந்த வீட்டில் யாரும் செய்ததில்லை. ஷூவும் அதன் நாளுக்காக உள்ளே போயிற்று. அதன் நாள் விழுப்புரத்துத் தேர்வு நாள்.

அம்மாவைக் குறை சொல்வதற்கு இல்லை. மார்கழியில் ஒரு காலை, கிழிந்த கேன்வாஸ் ஷூவில் பெருவிரல் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அஞ்சம்மாளே சொன்னாள்: "அந்தப் புதுசப் போட்டுக்கினு போயேன்டி. எதுக்கு வாங்கன?"

"சேறாயிடும்மா. அன்னிக்கிப் போட்டுக்கறேன்."

கலைப்பிரியாவின் வாயிலிருந்துதான் அது வந்தது. புது ஷூவைப் பழக்க வேண்டும் என்று அந்த வெளிநாட்டுப் பெண் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை என்று பின்னால் பல முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். சேறு ஒரு காரணம்தான். சேற்றுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. தொப்பையும் வேர்வையுமாக, டீக்கடைக்காரன் சிரிக்க, மூச்சு வாங்கிக்கொண்டு போகிற இந்த உடம்புக்கு அந்த ஷூ எதற்கு? முதலில் இந்த உடம்பு ஓடிக் காட்டட்டும், கொஞ்சம் குறைந்து காட்டட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம். புதுசை வைத்துக் காத்திருந்தது பீரோ மட்டும் அல்ல. அவளே தன்னை ஒரு நல்ல நாளுக்காக ஒதுக்கி வைத்திருந்தாள்.

தை பிறந்ததும் வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரு நோவு தொடங்கியது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடேறியதும் மறையும். பிறகு மறையாமலே இருந்தது. பிறகு படியிறங்கும்போதும் வலித்தது. எண்ணெய் தேய்த்தாள், சுளுக்கு என்று வழித்துவிட்டார்கள், துணி கட்டினாள். தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கையில் காலை ஊன்றவே முடியாமல் போக, அஞ்சம்மாள் அவளைத் திண்டிவனத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள்.

மருத்துவர் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கலைப்பிரியா கத்திவிட்டாள். அவர் கீழே கழற்றிப் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவைக் குனிந்து எடுத்தார். அடியில் விரலை வைத்து அழுத்தினார். மறுபக்கம் விரலின் உருவம் தெரிந்தது.

"இதப் போட்டுக்கிட்டா தார் ரோட்டுல ஓடுன?"

"ஆமாங்க டாக்டர்."

"நல்ல ஷூ ஒண்ணு வாங்கக் கூடாதாம்மா? செருப்பில்லாம ஓடியிருந்தாக்கூட நீ மெதுவா கால வச்சிருப்ப. இது ஷூ போட்டிருக்கன்னு உன்ன ஏமாத்துது."

"வாங்கியிருக்கேன் டாக்டர்."

"எங்க?"

அஞ்சம்மாள்தான் சொன்னாள்: "பீரோல இருக்குதுங்க. தேர்வன்னிக்கிப் போட்டுக்கலாம்னு."

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பீரோவாம்மா ஓடப்போவுது?"

எலும்பில் மயிரிழை அளவு விரிசல் விழும் நிலையில் இருக்கிறது, ஆறு வாரமாவது ஓடக் கூடாது, மீறி ஓடினால் உடையலாம் என்றார். கலைப்பிரியா தேர்வு நாளைச் சொன்னாள். வயது வரம்பையும் சொன்னாள். அவர் மருந்துச்சீட்டை இழுத்துக்கொண்டார். "நான் ஓடுன்னு சொல்ல மாட்டேன். நீ இன்னா பண்ணுவன்னும் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, மாத்திரையும் சுற்றுக்கட்டும் எழுதிக் கொடுத்தார்.

வரும் வழியில் பேருந்தில் அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான்தான்டி மஞ்சத் தடவி உள்ள வச்சேன்."

"நீ போட்டுக்கினு போன்னுதான் சொன்ன. நான்தான் போடல" என்றாள் கலைப்பிரியா. அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. உண்மை அதுதான் என்பது சொல்லும்போதே உறைத்தது.

தேர்வு நாள் காலையில் பீரோவைத் திறந்தார்கள். ஷூவில் நாப்தலின் உருண்டை வாசம். டிராக் பேண்ட் இடுப்பில் ஏறியது, ஆனால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. டிசர்ட் மார்பில் இறுகி மேலேறி நின்றது. மூன்று மாதத்தில் அவள் குறைந்திருந்தாள், எல் அளவுக்குக் குறையவில்லை. தேர்வுக்குப் போட வேறு டிராக் பேண்ட், டிசர்ட் இல்லை. அஞ்சம்மாள் டிசர்ட்டின் கீழ்த்தையலைப் பிரித்துவிட்டுக் கொஞ்சம் இறக்கினாள். காலில் கட்டு, கட்டுக்குள் மாத்திரையின் மரமரப்பு.

விழுப்புரத்து மைதானத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். உள்ளே உயரம் அளந்தார்கள், சான்றிதழ் பார்த்தார்கள், மார்பில் எண் குத்தினார்கள். அம்மாக்கள் எல்லாம் வெளியே மரத்தடியில். ஒரு பெண் மட்டும் கலைப்பிரியாவின் ஷூவைப் பார்த்து, "சூப்பரா இருக்குதுக்கா, எங்க வாங்கனீங்க?" என்றாள். திண்டிவனம் என்றாள் கலைப்பிரியா.

விசில் ஊதியது. முதல் வளைவுவரை அவள் நடுவில் இருந்தாள். பின்னால் பலர் இருந்தார்கள். ஷூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் புதிது; யாருடைய காலிலோ தான் ஓடுவதுபோல இருந்தது. இடுப்புப் பட்டை மூச்சைப் பாதியில் வெட்டியது. இரண்டாவது வளைவில் மாத்திரையை மீறிக்கொண்டு எலும்பு பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து. மெல்லியவர்களும் தடித்தவர்களும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களும் அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசி நீளத்தில் வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாள். நிற்கவில்லை. கோட்டைத் தொட்டபோது நேரம் குறிப்பவர் ஏற்கெனவே கையை இறக்கியிருந்தார்.

தரையில் உட்கார்ந்தவளைப் பெண் காவலர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நல்ல மனுஷி. "பரவால்லம்மா" என்றார். "அடுத்த வாட்டி உடம்ப மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கினு வா. ஓடிடுவ."

உடம்பு இல்லை மேடம், கால் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அந்த டிசர்ட்டில் அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஊரிலும் அதேதான். "ஒடம்பு வாகு அப்டி, அது இன்னா பண்ணும்?" என்று இரக்கத்தோடு சொன்னார்கள். வல்லரசு மட்டும், அப்படிச் சொன்னவர்களிடமெல்லாம், "அங்க வெயிலு எவ்ளோ தெரியுமா?" என்று சண்டை பிடித்தான். சக்கரபாணி கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அவள் கடையைத் தாண்டிப் போனால், "டீ சாப்புட்டுப் போம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். ரோலர் என்று சொன்னபோது வலிக்காத இடம் அப்போது வலித்தது.

கட்டோடு படுத்திருந்த வாரங்களில் அவளை அரித்தது வேலை போனது மட்டும் இல்லை. தன் உடம்பால் அந்த ஒரு சுற்றை ஓட முடியுமா, முடியாதா? ஊர் முடியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டது. காலும் துணியும் சரியாக இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். நினைத்தாளே தவிர, அவளுக்கும் தெரியாது. தோற்றவர்கள் எல்லாரும் இப்படி ஒரு காரணத்தை வைத்திருப்பார்கள்தானே? தானும் அப்படி ஒரு காரணத்தைப் பிடித்துத் தொங்குகிறோமோ? விடிய விடிய இதையே புரட்டினாள்.

மருத்துவர் ஓடலாம் என்று சொன்னதும் திண்டிவனம் போனாள், தனியாக. அதே துணிக்கடை, அதே இளைஞன். "சைஸ் சொல்லுங்கக்கா." சொன்னாள். மூன்று எக்ஸையும் சொன்னாள். அவன் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான். உள்ளே போட்டுக்கொள்ளத் தொடைவரை தையலில்லாத காற்சட்டையும், இறுகப் பிடிக்கும் உள்பாடியும் இணையத்தில் வரவழைத்தாள். ஷூவை வீட்டு வாசலில் விட்டாள். பால் ஊற்றப் போகும்போது போட்டாள், ரேஷன் கடைக்குப் போட்டாள், வரப்பில் போட்டாள். பச்சைக் கோடு ஒரு வாரத்தில் மண்நிறமாயிற்று.

பங்குனி முடியும் சமயம் ஒரு காலை, அஸ்வினியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள். விளையாட்டு விழாவுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அங்கே இரண்டு சுற்று என்பது விழுப்புரத்தில் ஒரு சுற்று.

"நேரம் பாரு" என்றாள்.

"யக்கா, எதுக்கு இப்ப? கால் இப்பத்தான் சரியாயிருக்குது."

"பாருடி."

ஓடினாள். தொடை உரசவில்லை. மூச்சு வயிற்றுவரை போய் வந்தது. கால் விழுகிற சத்தம் சீராக இருந்தது, கனமாகத்தான் இருந்தது, அது அவளுடைய கனம். இரண்டாவது சுற்றில் கால் வலிக்குமோ என்று பயந்தாள். வலிக்கவில்லை. நெஞ்சு எரிந்தது. எரியட்டும் என்று ஓடினாள்.

கோட்டைத் தாண்டியதும் அஸ்வினி கைபேசியைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். "யக்கா! முன்னாடியே வந்துட்ட! நேரம் மிச்சம் இருக்குது, பாரு, மிச்சம்!"

கலைப்பிரியா பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அஸ்வினி சந்தோஷத்தில் அழுவதாக நினைத்து முதுகைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அழுகை வேறு மாதிரி இருப்பது அவளுக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேட்டுநிலத்தில் அஞ்சம்மாள் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஜல்தி வர்றேன்னு சொல்ட்டு எங்கடி போய்ட்ட? மல்லாட்ட புடுங்க ஆள் இல்லாம நான் பேஜார்பட்டுக்கினு இருக்கேன்."

"ஓடனேம்மா. அவங்க சொன்ன நேரத்துக்குள்ள ஓடிட்டேன்."

அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா? அப்ப அவங்ககிட்ட சொல்லலாமில்ல? போன் கீன் போட்டு?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. அது முடிஞ்சிபோச்சி."

"மறுபடி எழுதனா?"

"வயசு தாண்டிடுச்சி."

அஞ்சம்மாள் கையிலிருந்த செடியை உதறினாள். வேரிலிருந்து மண் உதிர்ந்தது. "அப்பறம் இன்னாத்துக்குடி ஓடன?"

மைதானத்திலிருந்து வரும் வழியில் கலைப்பிரியா ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். உடம்பு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ள ஓடினேன், தெரிந்துவிட்டது என்று. இப்போது அதைச் சொல்ல வரவில்லை. உடம்புதான் காரணம் என்று இருந்தவரை, அது பிறவியோடு வந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாவது இருந்தது. இனி அதுவும் இல்லை. ஓடக்கூடிய உடம்பு அவளிடம் இருந்திருக்கிறது, அதற்கேற்ற ஷூவும் இருந்திருக்கிறது. அவள் ஒன்றை நம்பாமல், மற்றதை எடுக்காமல் இருந்திருக்கிறாள்.

"தெரியலம்மா" என்றாள்.

அஞ்சம்மாள் அடுத்த செடியைப் பிடுங்கினாள். "நாளைக்கும் ஓடப் போவியா?"

"போவேன்."

"அப்ப வெயில் ஏற்றதுக்குள்ள வந்துடு. இந்தக் காணிய முடிச்சாவணும்."

கலைப்பிரியா அடுத்த வரிசையில் போய்க் குனிந்தாள். மண் இறுகியிருந்தது, முதல் செடி பாதியில் அறுந்துகொண்டு வந்தது. அம்மா பார்ப்பதற்குள், உள்ளே தங்கிவிட்ட காய்களை விரலால் கிளறி எடுக்க ஆரம்பித்தாள்.